சர்வாதிகாரத்துக்கு எதிரான பாட்டும் கச்சேரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போராட்டப் பாட்டு, தோழமைக் கச்சேரி என்று பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் சிலி நாடு அதிகமாக வரும். 1973 முதல் 1990 வரை ராணுவ ஆட்சியில் இருந்த அந்த நாட்டில், கொல்லப்பட்ட பாடகர், நாடு திரும்ப முடியாத குழுக்கள், உள்ளூரில் மறைமுகமாகப் பாடியவர்கள், வெளிநாடுகளில் நடந்த ஆதரவுக் கச்சேரிகள் என எல்லாமே ஒரே கதைக்குள் கிடைக்கின்றன.

போராட்டப் பாட்டு என்றால் அரசாங்கத்தைத் திட்டும் பாட்டுதானே?

திட்டும் பாட்டுகளும் உண்டு. ஆனால் பெரிய வேலை செய்த பாட்டுகள் பலவற்றில் அரசாங்கம் என்ற பேச்சே இருக்காது. போர்ச்சுகலில் ஜோசே அஃபோன்சோ பாடிய 'கிராந்தோலா, விலா மொரேனா' ஒரு சிற்றூரின் சகோதரத்துவத்தைப் பாடுகிறது, அவ்வளவுதான். அந்த ஊர்த் தொழிலாளர்களின் இசைச் சங்கத்தில் 1964-ல் பாடப் போனபோது கண்டது அவர் மனதில் நின்று பாட்டானது. அதே பாட்டு பத்து வருடம் கழித்து ஒரு சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்க்கும் சமிக்ஞை ஆயிற்று. அதைப் பிறகு பார்ப்போம்.

செக்கோஸ்லோவாக்கியாவில் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்' என்ற ராக் குழுவின் கதை இன்னும் விசித்திரம். அவர்களுக்கு அரசியல் பாட்டில் பெரிய ஆர்வமே இல்லை. நீளமான தலைமுடி, காதைக் கிழிக்கும் சத்தம், அரசு அனுமதி வாங்காத கச்சேரிகள். 1976-ல் கைது செய்து வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கைப் பார்த்துக் கொதித்துப்போன நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் முதலானவர்கள் 1977 ஜனவரியில் 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கையை வெளியிட்டார்கள். அதனால் வரிகளை மட்டும் வைத்து எது போராட்டப் பாட்டு என்று முடிவு செய்ய முடியாது. யார், எப்போது, என்ன ஆபத்தில் நின்று பாடினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

துப்பாக்கி வைத்திருக்கும் அரசாங்கம் பாட்டுக்கு எதற்குப் பயப்பட வேண்டும்?

கிரேக்கத்தில் 1967 ஏப்ரல் 21 அன்று ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். ஜூன் 1 அன்று ராணுவ உத்தரவு எண் 13 வந்தது. மிக்கிஸ் தியோதோராக்கிஸ் இசையமைத்த எதையும் இசைக்கக் கூடாது, ஒலிபரப்பக் கூடாது, மீறினால் ராணுவ நீதிமன்றம். ஒரே ஒரு இசையமைப்பாளருக்காகப் போட்ட உத்தரவு! அவரையும் பிடித்துச் சிறையில் வைத்து, உள்நாட்டிலேயே மலைக் கிராமம் ஒன்றில் கொண்டுபோய் ஒதுக்கி வைத்து, பிறகு முகாமில் அடைத்தார்கள்.

பயத்துக்குக் காரணம் எளிது. துண்டறிக்கையைப் பறிமுதல் செய்யலாம், அச்சகத்தைப் பூட்டலாம். மனப்பாடமான பாட்டை என்ன செய்வது? எழுத்தறியாதவருக்கும் அது போய்ச் சேரும். இன்னொன்று, பாட்டுக்குக் கூட்டம் சேரும். சர்வாதிகாரத்தின் கீழ் வாழ்கிறவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்றே தெரியாது, வாயைத் திறக்கவும் பயம். பல்லவியை ஆயிரம் பேர் சேர்ந்து பாடும்போது, தன்னைப் போல் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடுகிறது. என் கணிப்பில் ஆட்சியாளர்களை உறுத்துவது பாட்டின் வரிகளைவிட இந்தக் கூட்டம்தான்.

விக்டர் ஹாரா யார்? அவருக்கு என்ன நடந்தது?

சிலியின் பாடகர், நாடக இயக்குநர், கம்யூனிஸ்ட். வயலெட்டா பாரா கிராமம் கிராமமாகப் போய்ச் சேகரித்த நாட்டார் பாடல்களின் வழியில் 1960-களில் 'புதிய பாடல்' என்றொரு இயக்கம் வளர்ந்தது. அதில் முன்வரிசையில் நின்றவர். ஆண்டிஸ் மலை மக்களின் சரங்கோ, கேனா போன்ற வாத்தியங்களை நகரத்து மேடைக்குக் கொண்டுவந்து, சுரங்கத் தொழிலாளி, குடிசைவாசி, நிலமில்லாத விவசாயி என்று இவர்களைப் பற்றிப் பாடிய இயக்கம் அது. 1970 தேர்தலில் சோஷலிஸ்ட் தலைவர் சால்வடார் அயெந்தே வெல்வதற்கு இந்தப் பாடகர்கள் பிரசாரம் செய்தார்கள்.

1973 செப்டம்பர் 11 அன்று தளபதி பினோசெட் தலைமையில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. ஹாரா அன்று தான் வேலை செய்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். மறுநாள் மாணவர்கள், ஆசிரியர்களோடு அவரையும் பிடித்து 'சிலி ஸ்டேடியம்' என்ற உள்ளரங்கத்தில் அடைத்தார்கள். அடையாளம் கண்டுகொண்டதும் தனியே இழுத்துப் போய் அடித்தார்கள். அங்கே அவர் எழுதிய கடைசிக் கவிதையைக் கைதிகள் மறைத்து வெளியே கொண்டுவந்தார்கள். சில நாட்களில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். உடலில் நாற்பதுக்கும் மேற்பட்ட குண்டுக் காயங்கள். மனைவி ஜோன் ஹாரா பிணவறையில் உடலைக் கண்டெடுத்து, யாரும் அறியாமல் அடக்கம் செய்தார். பிறகு கணவரின் ஒலிநாடாக்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோனார். அந்த நாடாக்கள்தான் பின்னாளில் உலகம் கேட்ட ஹாரா.

நீதி மிக மெதுவாக வந்தது. 2009-ல் உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்து, டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வர மறுபடி அடக்கம் செய்தார்கள். 2018-ல் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளுக்குத் தண்டனை கிடைத்தது. சிலியின் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 ஆகஸ்டில். கொலை நடந்து கிட்டத்தட்ட 50 வருடம்! அமெரிக்காவில் போய் வாழ்ந்த இன்னொரு முன்னாள் அதிகாரியை அதே வருடக் கடைசியில் சிலிக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஜோன் ஹாரா அந்த நவம்பரில் இறந்துபோனார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பையாவது கேட்டுவிட்டுத்தான் போனார்.

அவருடைய கைகளை வெட்டினார்கள் என்பது உண்மையா?

இல்லை. கைகளை அடித்து நொறுக்கினார்கள், வெட்டவில்லை. அந்தக் கதை எப்படியோ பரவி, பல நாட்டுப் பாடகர்களின் வாயில் உண்மையாகவே ஆகிவிட்டது. இன்னொரு குழப்பமும் உண்டு. அவர் இறந்த இடம் சாண்டியாகோவின் பெரிய 'தேசிய மைதானம்' என்று பலர் எழுதுகிறார்கள். அந்த மைதானமும் ஆயிரக்கணக்கானோரை அடைத்து வதைத்த இடம்தான், ஆனால் ஹாரா இறந்தது சிறிய உள்ளரங்கத்தில். இப்போது அதற்கு அவருடைய பெயர். நடந்ததே போதுமான கொடூரம், கூட்டிச் சொல்லத் தேவையில்லை. கூட்டிச் சொன்னால் எல்லாமே பொய் என்று சாதிக்கிறவர்களுக்குத்தான் வசதி.

தோழமைக் கச்சேரி என்பது என்ன? யார் நடத்துவார்கள்?

ஒரு நாட்டின் அடக்குமுறைக்கு எதிராக, பெரும்பாலும் அந்த நாட்டுக்கு வெளியே நடக்கும் கச்சேரி. பணம் திரட்டலாம், கைதிகளின் பெயரைச் சொல்லலாம், கச்சேரி நடக்கும் நாட்டின் அரசாங்கத்தை நெருக்கலாம். மூன்றும் சேர்ந்தே நடப்பதும் உண்டு.

நியூயார்க்கில் 1974 மே 9 அன்று நடந்தது ஒரு நல்ல உதாரணம். ஃபில் ஓக்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் 1971-ல் சிலிக்குப் போனபோது ஹாராவைச் சந்தித்திருந்தார். கொலைச் செய்தி அவரை உலுக்கிவிட்டது. மேடிசன் ஸ்குவேர் கார்டனை ஒட்டிய ஃபெல்ட் ஃபோரம் அரங்கத்தில் அயெந்தேயின் பெயரில் ஒரு மாலை நிகழ்ச்சி ஏற்பாடு செய்தார். பீட் சீகர், ஆர்லோ கத்ரி எல்லாம் பாட ஒப்புக்கொண்டும் டிக்கெட் விற்கவில்லை. கடைசியில் பாப் டிலன் வருகிறார் என்று அறிவித்த பிறகுதான் அரங்கம் நிறைந்தது. வந்தவர்களில் எத்தனை பேர் சிலிக்காக வந்தார்கள், எத்தனை பேர் டிலனுக்காக வந்தார்கள் என்று கேட்டால் பதில் சங்கடமாகத்தான் இருக்கும். நட்சத்திரம் இல்லாமல் அரங்கம் நிறையாது, வந்தால் பேச்சு முழுக்க அவரைப் பற்றியே போகும். இந்தச் சிக்கலுக்கு இன்றுவரை யாரும் நல்ல வழி கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

நட்சத்திரங்களின் ஒரு நாள் கச்சேரியைவிட முக்கியமானவை என்று நான் நினைப்பது, அந்த நாட்டுக் கலைஞர்களே வருடக்கணக்கில் நடத்தியவை. சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அந்நாட்டின் கிலாபாயூன் குழு பிரான்ஸில் இருந்தது, இந்தி-இயிமானி குழு இத்தாலியில். இரண்டும் திரும்ப முடியவில்லை. இத்தாலியில் மட்டும் இந்தி-இயிமானிக்கு 15 வருடம். பல்கலைக்கழகம், தொழிற்சங்க மண்டபம், கட்சி விழா, ஊர்ச் சதுக்கம் என்று ஐரோப்பா முழுக்கப் பாடினார்கள். தியோதோராக்கிஸும் இப்படித்தான். சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச், அமெரிக்க நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் போன்றவர்கள் உலக அளவில் குரல் கொடுத்த பிறகு 1970-ல் விடுதலையாகி பாரிஸ் போனார். 1974-ல் கிரேக்க ராணுவ ஆட்சி விழும்வரை நாடு நாடாகக் கச்சேரி செய்துகொண்டே இருந்தார்.

வெளிநாட்டில் பாடுவது பாதுகாப்பானதுதானே? அதில் என்ன துணிச்சல்?

உயிருக்கு ஆபத்து குறைவு என்பது சரி. ஆனால் விலை உண்டு. கிழக்கு ஜெர்மனியின் பாடகர் வோல்ஃப் பீர்மனுக்கு 11 வருடமாக மேடை ஏறத் தடை. 1976-ல் திடீரென்று மேற்கு ஜெர்மனியில் பாட அனுமதி கொடுத்தார்கள். நவம்பர் 13 அன்று கொலோன் நகரத்தில் பாடினார். மூன்றே நாளில் குடியுரிமையைப் பறித்து, திரும்பி வர முடியாமல் செய்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா 1963-ல் ஐ.நா. குழு முன் நிறவெறி ஆட்சியைப் பற்றிச் சாட்சி சொன்னார். சொந்த நாட்டில் அவருடைய இசைத்தட்டுகளுக்குத் தடை வந்தது. நாடு திரும்ப 1990 ஆனது. ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு என்ன ஆகுமோ என்ற பயம் தனி.

நாட்டுக்குள்ளேயே இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கெட்டிக்காரத்தனம் எல்லாம் இங்கேதான்.

சிலியில் ராணுவம் வந்த பிறகு சரங்கோ, கேனா வாத்தியங்களைக் கையில் வைத்திருப்பதே சந்தேகத்துக்கு இடமானது. அவற்றின் ஒலியைக் கேட்டாலே அயெந்தே காலம் ஞாபகம் வரும் அல்லவா? 'பரோக்கோ ஆந்தினோ' என்ற குழு அதே வாத்தியங்களில் பாக், விவால்டி போன்ற பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர்களை வாசிக்க ஆரம்பித்தது, அதுவும் தேவாலயங்களில். பாக் இசையைத் தடை செய்ய எந்தத் தளபதிக்கு மனம் வரும்? கூட்டத்துக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று புரிந்தது. பிறகு மெல்ல 'புதிய பாட்டு' என்ற பெயரில் இளையவர்கள் வந்தார்கள். நேரடியாக எதையும் சொல்லாமல் குளிர்காலம், காத்திருப்பு, வராத கடிதம் என்று பாடினார்கள். சிறிய பாட்டரங்குகளில் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். வெளிநாட்டில் பதிவான பாட்டுகள் கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலெடுக்கப்பட்டு, இரைச்சல் ஏறி ஏறி வீடு வீடாகப் போயின.

ராணுவ ஆட்சியில் இருந்த பிரேசிலில் 1968 டிசம்பருக்குப் பிறகு பாட்டு வரிகளை முன்கூட்டியே தணிக்கைக்கு அனுப்ப வேண்டிய கெடுபிடி இறுகியது. பாடகர்கள் கெயத்தானோ வெலோசோ, ஜில்பெர்த்தோ ஜில் இருவரையும் சிறையில் வைத்து, பிறகு லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொரு பாடகர் ஷிகோ புவார்க்கி 1970-ல் எழுதிய ஒரு பாட்டு, மேலுக்குப் பார்த்தால் அடக்கி ஆளும் காதலியோடு சண்டை போடுவது போல இருக்கும். 'நீ இருந்தாலும் நாளை வேறு நாளாக விடியும்' என்ற போக்கு. தணிக்கை அதிகாரிகள் காதல் சண்டை என்றே நினைத்து விட்டுவிட்டார்கள். இசைத்தட்டு ஒரு லட்சம் பிரதிகள் போன பிறகுதான் 'நீ' யார் என்று உறைத்தது. உடனே தடை, இருப்பில் இருந்த தட்டுகள் அழிப்பு. விசாரணையில் கேட்டபோது, அதிகாரம் செய்யும் ஒரு பெண்ணைப் பற்றித்தான் என்று சொன்னாராம்.

அதற்குப் பிறகு ஷிகோ பெயர் போட்டு எது போனாலும் திரும்பி வந்தது. அவர் 'ஜூலினியோ ட அடெலைட்' என்று ஒரு ஆளையே கற்பனையாக உருவாக்கி அந்தப் பெயரில் அனுப்பினார், அனுமதியும் கிடைத்தது! அந்த இல்லாத ஆளின் பேட்டிகூடப் பத்திரிகையில் வந்தது. குட்டு வெளிப்பட்டதும், இனிமேல் பாட்டு அனுப்புகிறவர் அடையாள அட்டை நகலும் இணைக்க வேண்டும் என்று விதி வந்தது. 1973-ல் சாவோ பாலோவில் ஷிகோவும் ஜில்லும் தடைசெய்யப்பட்ட ஒரு பாட்டின் மெட்டை வெறும் அசைகளால் பாட முயன்றபோது மைக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.

மேடையிலேயே கைது செய்ததுண்டா?

உண்டு. அர்ஜென்டினாவின் பாடகி மெர்சேதெஸ் சோசா லா பிளாட்டா நகரத்தில் பாடிக்கொண்டிருந்தபோது மேடையிலேயே பிடித்தார்கள். கேட்க வந்த கூட்டத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் அவர் பாரிஸ், மாட்ரிட் என்று போய்விட்டார். 1982 பிப்ரவரியில், ராணுவ ஆட்சி இன்னும் இருக்கும்போதே திரும்பி வந்து பியூனஸ் அயர்ஸில் தொடர் கச்சேரி செய்தார்.

கச்சேரியில் வசூலாகும் பணம் உண்மையில் போய்ச் சேருகிறதா?

சில சமயம் போகிறது, சில சமயம் வழியில் மாட்டிக்கொள்கிறது. 1971 ஆகஸ்ட் 1 அன்று பாகிஸ்தான் ராணுவ ஒடுக்குமுறையிலிருந்து தப்பி வந்த வங்காள அகதிகளுக்காக ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்கில் நடத்திய கச்சேரியைப் பாருங்கள். டிக்கெட் பணம் சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃபுக்குச் சேர்ந்தது. ஆனால் இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெருந்தொகை அமெரிக்க வரித்துறையில் வருடக்கணக்காக முடங்கியது. கச்சேரிக்கு முன்பே தொண்டு அமைப்பைச் சேர்த்து முறைப்படி பதிவு செய்யாததுதான் காரணம். அவசரத்தில் நல்ல மனதோடு செய்த காரியம், காகித வேலையில் போய் மாட்டிக்கொண்டது.

அதனால் போஸ்டரில் முகங்களைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பணம் எந்த அமைப்புக்குப் போகிறது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

ஆடிப் பாடிவிட்டு வீட்டுக்குப் போவதில் என்ன பயன்?

கேலி நியாயமானதுதான். ஆனாலும் ஒரு சங்கிலியைச் சொல்கிறேன். 1983-ல் லண்டனில், நெல்சன் மண்டேலாவின் 65-வது பிறந்தநாளை ஒட்டி, தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய இசைக்கலைஞர் ஜூலியன் பஹுலா ஒரு நிகழ்ச்சி நடத்தினார். ஜெர்ரி டேமர்ஸ் என்ற இளம் இசைக்கலைஞர் அதற்குப் போனார். மண்டேலாவைப் பற்றி அவருக்கு அதற்குமுன் பெரிதாக ஒன்றும் தெரியாது. அங்கே தெரிந்துகொண்டதை வைத்து அவர் எழுதிய 'ஃப்ரீ நெல்சன் மண்டேலா' 1984-ல் வெளிவந்து, ஆட வைக்கும் மெட்டோடு வானொலிகளில் ஓடியது. டேமர்ஸ் பிறகு நிறவெறிக்கு எதிரான கலைஞர்கள் அமைப்பைத் தொடங்கினார். 1988 ஜூன் 11 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் மண்டேலாவின் 70-வது பிறந்தநாள் கச்சேரி. 67 நாடுகளில் ஒளிபரப்பு, பார்த்தவர்கள் 60 கோடி என்று மதிப்பீடு.

இதிலும் சமரசம் இருந்தது. தொலைக்காட்சி நிறுவனங்கள் அரசியல் என்றால் ஒதுங்கும் என்பதால் 'பிறந்தநாள்' என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் ஃபாக்ஸ் தொலைக்காட்சி அரசியல் பேச்சையெல்லாம் வெட்டிவிட்டு, மண்டேலா பெயர் இல்லாத தலைப்பில் காட்டியது. வெட்டியது போகவும், ஒரு கைதியின் பெயர் பல கோடி வீடுகளுக்குள் போனது. 1990 ஏப்ரலில், விடுதலையாகி இரண்டே மாதத்தில், மண்டேலா அதே வெம்ப்ளியில் மேடையேறினார். கச்சேரியால்தான் விடுதலை என்று சொல்ல மாட்டேன். தென்னாப்பிரிக்காவுக்குள் நடந்த வேலைநிறுத்தங்களும் தெருப்போராட்டமும் பொருளாதாரத் தடைகளும்தான் பெரிய நெருக்கடி. கச்சேரி செய்தது, வெளிநாட்டு அரசாங்கங்கள் அவரைத் 'தீவிரவாதி' என்று சொல்லித் தப்பிக்க முடியாமல் செய்தது.

அங்கே போய்ப் பாடலாமா, புறக்கணிக்க வேண்டுமா?

1980 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தென்னாப்பிரிக்காவுக்குக் கலைப் புறக்கணிப்பு கேட்டது. நிறைய காசு கொடுத்துக் கலைஞர்களை இழுத்த சன் சிட்டி உல்லாச விடுதியில் பாட மாட்டோம் என்று அமெரிக்க இசைக்கலைஞர் ஸ்டீவன் வான் ஸாண்ட் 1985-ல் பெரும் பட்டாளத்தைச் சேர்த்து ஒரு பாட்டே போட்டார். மறுபக்கம் அமெரிக்கப் பாடகர் பால் சைமன் ஜோகன்னஸ்பர்க் போய் உள்ளூர்க் கறுப்பினக் கலைஞர்களோடு பதிவு செய்த 'கிரேஸ்லேண்ட்' இசைத்தட்டு 1986-ல் வந்தது. புறக்கணிப்பை மீறினார் என்று கடும் கண்டனம். அதே சைமனோடு மகேபாவும் ஹ்யூ மசெகேலாவும் உலகச் சுற்றுப்பயணம் போனார்கள். இருவருமே நாடு திரும்ப முடியாதிருந்தவர்கள்!

என் கருத்து: ஆட்சியின் உல்லாச விடுதியில் பாடுவதும் உள்ளூர்க் கலைஞரோடு சேர்ந்து வேலை செய்வதும் ஒன்றில்லை. ஆனாலும் நாட்டுக்குள் போராடுகிறவர்கள் வராதே என்றால் போகாமல் இருப்பதுதான் சரி. அவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தால்? அங்கேதான் தலைவலி.

சர்வாதிகாரிகளும் கச்சேரி நடத்துவார்களா?

நன்றாகவே நடத்துவார்கள். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி இருந்த காலத்தில், பிரிட்டனோடு மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுப் போர் நடந்தபோது வானொலியில் ஆங்கிலப் பாட்டு நின்றுபோனது. அதுவரை சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட உள்ளூர் ராக் இசைக்குத் திடீர் மரியாதை. 1982 மே 16 அன்று பியூனஸ் அயர்ஸில் 'லத்தீன் அமெரிக்கத் தோழமைத் திருவிழா' நடந்தது. நுழைவுக்குப் பணம் வேண்டாம், போர்முனைச் சிப்பாய்களுக்குக் கம்பளி உடையோ உணவோ கொண்டுவந்தால் போதும். பல்லாயிரம் பேர் வந்தார்கள். பாடகர் லியோன் ஹியேகோ போருக்கு எதிரான பாட்டையே பாடினார். விருஸ் என்ற ராக் குழு, இது ராணுவத்துக்கு உதவும் என்று ஒதுங்கிக்கொண்டது. மேடையேறிய எல்லோரையும் துரோகி என்று சொல்வது அநியாயம். குளிரில் நடுங்கியவர்கள் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட 18, 19 வயதுப் பையன்கள். ஆனால் ஆட்சிக்கு வேண்டிய படம் அன்று கிடைத்துவிட்டது.

2019 பிப்ரவரியில் வெனிசுவேலா எல்லையில் இன்னும் வெளிப்படையாக நடந்தது. கொலம்பியப் பக்கம் பிரிட்டிஷ் தொழிலதிபர் ரிச்சர்ட் பிரான்சன் ஏற்பாட்டில் எதிர்க்கட்சிக்கு ஆதரவாக ஒரு கச்சேரி, அதே பாலத்தின் மறுபக்கம் மதுரோ அரசாங்கத்தின் போட்டிக் கச்சேரி.

பாட்டால் எந்த ஆட்சியாவது கவிழ்ந்திருக்கிறதா?

பாட்டால் மட்டும் கவிழ்ந்ததாக எதையும் சொல்ல முடியாது. மிக நெருங்கி வருவது போர்ச்சுகல். 1974 மார்ச் 29 அன்று லிஸ்பன் கொலிசியு அரங்கத்தில் ஒரு பாட்டு விழா. அஃபோன்சோவின் பல பாட்டுகளைத் தணிக்கை தடுத்தது, 'கிராந்தோலா'வை மட்டும் விட்டது. மொத்த அரங்கமும் சேர்ந்து பாடியது. ராணுவத்துக்குள் ரகசியமாகத் திட்டமிட்டுக்கொண்டிருந்த இளம் அதிகாரிகள் அதையே அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். ஏப்ரல் 25 அதிகாலை 12.20-க்கு ரேடியோ ரெனாசென்சாவில் அது ஒலித்ததும் படைகள் கிளம்பின. 1926-ல் தொடங்கிய சர்வாதிகாரம் ஒரே நாளில் முடிந்தது. பாட்டு கொடுத்தது சமிக்ஞை, வேலையைச் செய்தவர்கள் சிப்பாய்களும் தெருவில் இறங்கிய மக்களும்.

சிலியில் 1988 அக்டோபர் 5 அன்று பினோசெட் தொடரலாமா என்று வாக்கெடுப்பு. 'வேண்டாம்' அணிக்கு இரவில் 15 நிமிடத் தொலைக்காட்சி நேரம் கிடைத்தது. துக்கப் பாட்டை ஒதுக்கி, மகிழ்ச்சி வரப்போகிறது என்று துள்ளும் விளம்பரப் பாட்டைப் போட்டார்கள். பழைய போராளிகள் சிலருக்கு அது பிடிக்கவே இல்லை, சோடா விளம்பரம் மாதிரி இருக்கிறது என்றார்கள். 'வேண்டாம்' சுமார் 56 சதவீதம் வென்றது. அதே மாதம் மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டியின் உலகக் கச்சேரிப் பயணம் சிலிக்குள் போக முடியாமல், எல்லைக்கு அருகே அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் நடந்தது. சிலிக்காரர்கள் மலை தாண்டி வந்து கேட்டார்கள். காணாமல் போனவர்களின் மனைவிகளும் தாய்மார்களும், ஜோடியாக ஆடும் குவேக்கா நடனத்தை அவர்களுடைய புகைப்படத்தைக் குத்திக்கொண்டு தனியாக ஆடுவார்கள். ஆங்கிலேயப் பாடகர் ஸ்டிங் அதைப் பற்றி எழுதிய பாட்டை அங்கே பாடினார்.

ஒரு நாட்டுப் பாட்டு இன்னொரு நாட்டுக்கு எப்படிப் போகிறது?

பெரும்பாலும் மெட்டு போகும், வரி மாறும். ஸ்பெயினில் சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்தில் லுயிஸ் லியாக் 1968-ல் கட்டலான் மொழியில் ஒரு பாட்டு எழுதினார். நம்மையெல்லாம் கட்டி வைத்திருக்கும் முளைக்கம்பை எல்லோரும் சேர்ந்து இழுத்தால் விழும் என்பது சாரம். போலந்தின் யாட்செக் கச்மார்ஸ்கி 1978-ல் அதே மெட்டில் 'சுவர்கள்' எழுதினார். அதன் கடைசியில் கூட்டம் பாடகரைத் தனியே விட்டுவிட்டுப் போகும், சுவர்கள் மறுபடி வளரும். கூட்டத்தை நம்பாதே என்ற எச்சரிக்கை அது. 'சாலிடாரிட்டி' தொழிற்சங்கக் கூட்டங்கள் கடைசிப் பகுதியைக் கண்டுகொள்ளாமல், சுவர் இடியும் என்ற பல்லவியை மட்டும் உரக்கப் பாடின! 2020-ல் பெலாரஸ் தெருக்களிலும் அதே மெட்டு கேட்டது.

இணையம் வந்த பிறகு பாடகர்களுக்கு ஆபத்து குறைந்திருக்கிறதா?

பாட்டு வேகமாகப் போகிறது, பாடகரைப் பிடிப்பதும் அதே வேகத்தில் நடக்கிறது. ஈரானில் 2022 செப்டம்பரில் ஷெர்வின் ஹாஜிபூர், மக்கள் எதற்காகப் போராடுகிறோம் என்று ட்விட்டரில் எழுதியதையே வரிகளாகக் கோத்து 'பராயே' பாட்டை இன்ஸ்டாகிராமில் போட்டார். இரண்டே நாளில் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள், உடனே கைது. 2023 பிப்ரவரியில் அதற்குக் கிராமி விருது, அடுத்த வருடம் அவருக்குச் சிறைத் தண்டனை. ராப் பாடகர் தூமாஜ் சலேஹிக்கு 2024 ஏப்ரலில் மரண தண்டனையே விதித்தார்கள். உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்தது, ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, டிசம்பரில் வெளியே வந்தார்.

சிறிய அளவில் ஒரு தோழமைக் கச்சேரி நடத்த நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் அந்த நாட்டுக்காரர்களைக் கேளுங்கள், பாட்டைத் தேர்ந்தெடுப்பது உட்பட. வெளியே புகழ்பெற்ற பாட்டு உள்ளே சலித்துப்போனதாகவோ, ஒரு கட்சியின் சொத்தாகவோ இருக்கலாம். கைதியின் பெயரை மேடையில் சொல்வதற்கு முன் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். பெயர் வெளியே வருவது சிலரைக் காப்பாற்றும், சிலருக்கு உள்ளே அடி கூடும்.

கூட்டத்தைப் படம் எடுக்காதீர்கள், எடுத்தாலும் முகம் தெரியாமல் எடுங்கள். பார்வையாளர்களில் ஊருக்குத் திரும்ப வேண்டியவர்கள் இருப்பார்கள், தூதரகத்திலிருந்து யாராவது வந்து உட்கார்ந்திருக்கவும் கூடும்.

பாட்டு வரிகளை மொழிபெயர்த்து ஒரு தாளில் கொடுத்துவிடுங்கள், எல்லோரும் பல்லவியாவது பாடட்டும். மேடைப் பேச்சு ஐந்து நிமிடம் தாண்ட வேண்டாம். அப்புறம் கணக்கு. யாருக்கு அனுப்புகிறீர்கள், எந்த வழியில், அந்தப் பணத்தைப் பெறுவதே அங்கே குற்றமாகுமா என்று முன்கூட்டியே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். வரவு செலவை ஒரு மாதத்துக்குள், வந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.